அத்தை ஒப்புக்கொண்ட குற்றம்

சீல் வைத்த உறைக்குள் இரண்டு காலி மதுப் பாக்கெட்டுகள். அத்தை மீதான வழக்கில் சாட்சிப் பொருள் அவ்வளவுதான். அப்பாவின் தங்கையான அவள் நீலசந்திராவில் கபாப் கடை வைத்திருந்தாள். யாரோ இருவர் கபாப் வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் போய்க் குடித்திருக்கிறார்கள். போலீஸ் வந்ததும் அவர்கள் ஓடிவிட்டார்கள். அடுப்பை விட்டு நகர முடியாத அத்தை மாட்டிக்கொண்டாள். கடையில் குடிக்க இடம் கொடுத்ததாக வழக்கு. மாமா குடித்தே செத்தவர். குடிக்கிறவன் கேட்டால் அத்தை ஒரு காலி டம்ளர்கூடக் கொடுக்கமாட்டாள்.

நான் வக்கீலாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. தெரிந்தது கொஞ்சம், தெரிந்த மாதிரி நடந்துகொண்டது அதிகம். இந்த மாதிரிச் சில்லறை வழக்குகளுக்கு எங்கள் கோர்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் நின்று, மாஜிஸ்ட்ரேட் கேட்டதும், "தப்பாய்த்து ஸ்வாமி" என்று கன்னடத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அபராதம் கட்டி, கோர்ட் கலையும்வரை பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். மறுத்தால் வருடக்கணக்கில் வாய்தா. செய்தவரும் செய்யாதவரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை, நானும் நினைக்கவில்லை.

"நான் செய்யலையேம்மா. செஞ்சேன்னு எப்புடி சொல்றது?"

"ஒரு வார்த்தைதானே அத்தை. எல்லாரும் சொல்றதுதான். ஒரே நாள்ல முடிஞ்சிரும்."

என்னை நம்பிச் சொன்னாள். சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார்கள், மறுபடியும் சொன்னாள். சாயங்காலம்வரை பின் பெஞ்சில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். வழக்கைச் சீக்கிரம் முடித்துக்கொடுத்த பெருமையில் நான் வளைய வந்துகொண்டிருந்தேன்.

சில மாதங்கள் கழித்து எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மதுக்கடை வரப்போவதாகத் தெரிந்தது. வீடு வீடாகப் போய் எதிர்ப்பு மனுவுக்குக் கையெழுத்து வாங்கியது அத்தைதான். முதல் கையெழுத்தும் அவளுடையது. விசாரணையன்று கடைக்காரர் தரப்பு ஒரு காகிதத்தைக் கலால் அதிகாரியின் மேஜையில் வைத்தது. அத்தையின் தீர்ப்பு நகல்.

"ஏனம்மா, குடி கேஸ்ல நீங்களே தப்பு ஒத்துக்கிட்டிருக்கீங்களே," என்றார் அதிகாரி.

விளக்கம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? என் பேச்சைக் கேட்டுக் கோர்ட்டில் பொய் சொன்னாள் என்றா?  படியிறங்கும்போது கூட வந்த பெண்கள் அத்தையைவிட்டுச் சற்றுத் தள்ளியே நடந்தார்கள். மனு தள்ளுபடியாகி மதுக்கடை திறந்துவிட்டது.

இப்போதெல்லாம் வரிசையில் நிறுத்துவதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டு, "நிஜமாவே செஞ்சீங்களா?" என்று கேட்கிறேன். நேரமாகிறது என்று கிளார்க் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

போன மாதம் அந்தக் கடையை அகற்றச் சொல்லிப் புது மனு எழுதினோம். அத்தையிடம் எடுத்துக்கொண்டு போனேன். நிதானமாக முழுவதும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். குரலில் கோபமில்லை, இருந்திருந்தால் எனக்குத் தேவலை.

"நல்லா எழுதியிருக்கே. என் பேரு மட்டும் வேணாம்மா. நான் கோர்ட்லயே ஒத்துக்கிட்டவ."