கண்ணாடி அலமாரிக்குள் இழைப்புளி

அமலதாஸுக்கு மூக்கின் மேல் கோபம் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். ஏன் சொல்லமாட்டார்கள்? அவர்களுக்கு ஒரு சாக்கட்டி இருந்தால் வகுப்பு நடந்துவிடும். காரைக்குடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் பொறியியல் பிரிவுக்குத் தச்சு வேலை சொல்லிக்கொடுத்த அமலதாஸிடம் இருந்ததோ ஒரே ஒரு இழைப்புளி. ஒரு பையன் மரத்தைச் சீவுவான். மற்றவர்கள் கைகட்டி வேடிக்கை பார்ப்பார்கள். அடுத்தவன் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். பிள்ளைகள் செய்த முக்காலிகள் ஆடாமல் என்ன செய்யும்?

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டாய்வு என்றால் தாளாளர் வீட்டிலிருந்து பர்மாத் தேக்கு நாற்காலிகள் வண்டியேறி வரும். அவற்றின் மேல் 'மாணவர் கைவண்ணம்' என்ற அட்டை தொங்கும். பிள்ளைகள் செய்த முக்காலிகள் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் போய் ஒளியும். எவன் வீட்டுப் பாட்டன் வாங்கிய நாற்காலி, எவன் பெயரில் கொலுவிருக்கிறது பாருங்கள்! அமலதாஸ் ஒவ்வொரு வருடமும் சண்டை போட்டார். தலைமையாசிரியர் செம்மலை சிரித்தே மழுப்பினார்.

"பள்ளிக்கூடத்துக்கு ஒரு மதிப்பு வேணாமா சார்? ஒருநாள் கூத்து, பேசாம இருங்க."

1969இல் அந்த ஒருநாள் கூத்து வினையானது. புதுக் கருவிகள் கேட்டு அமலதாஸ் விண்ணப்பித்திருந்தார். ஆய்வுக்கு வந்த அதிகாரி நாற்காலியின் கைப்பிடியில் செதுக்கியிருந்த கிளியைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இருக்கிற கருவியை வச்சே இவ்வளவு நேர்த்தியா செய்யிறாங்களே! இதுக்கு மேல புதுக் கருவி எதுக்கு?"

செம்மலை பூரித்துப்போய்த் தலையாட்டினார். அமலதாஸ் அதிகாரியின் முன்னால் போய் நின்றார். பிள்ளைகள் வாய்க்குப் போகவேண்டியதைத் தட்டிவிட்டு, அதற்குப் பெருமை வேறா?

"ஐயா, இது பிள்ளைக செஞ்சதில்ல. தாளாளர் வீட்டு நாற்காலி. பிள்ளைக செஞ்சது பின்னால கெடக்கு, பாருங்க" என்று ஓடிப்போய் ஒரு முக்காலியைத் தூக்கிவந்து வைத்தார்.

அதிகாரி உட்கார்ந்தார். முக்காலி ஆடியது. அவர் சிரிக்கவில்லை. அலகு தேய்ந்த அந்த ஒற்றை இழைப்புளியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். விண்ணப்பத்தில் கையெழுத்திட்டுவிட்டுச் செம்மலையின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

மறு வருடம் பெட்டி ரயிலில் வந்து இறங்கியது. ஆறு இழைப்புளி, உளிகள், ரம்பங்கள், திருப்புளிகள். பட்டறையில் பிரித்தபோது பையன்கள் கூச்சல் போட்டார்கள். புதுவயல் ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவரின் மகன் முத்துக்கருப்பன், உளியின் கூர்மையை நகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா? அன்று மாலையே தாளாளர் ஒரு கண்ணாடி அலமாரியை அனுப்பினார். கருவிகளெல்லாம் அதற்குள் வரிசையாக நின்றன. இரட்டைக் கதவின் நடுவில் பூட்டு. சாவி செம்மலையின் மேசைக்குள். கண்ணுக்கு எட்டாமலிருந்தாலாவது தேவலை, மனம் ஆறும். இது பசித்தவனை உட்காரவைத்துப் பந்தியைக் காட்டுகிற வேலை.

"அடுத்த ஆய்வு வரைக்கும் பளபளன்னு இருக்கணும்னு தாளாளர் சொல்லிட்டாரு" என்றார் செம்மலை. "மழுங்கிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"மழுங்குனா தீட்டுவோம் சார். பிள்ளைக மழுங்குனா எதுல தீட்டுறது?"

சாவி வரவில்லை. கேட்டபோதெல்லாம் 'நாளைக்கு' என்ற பதில்தான் வந்தது. பையன்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துப் பார்த்துவிட்டுப் பழைய இழைப்புளிக்கு வரிசையில் நின்றார்கள். ஒருநாள் முத்துக்கருப்பன், "எங்க முறை வர்றதுக்குள்ள பரிச்சையே முடிஞ்சிரும் சார்" என்றான்.

மறுநாள் அமலதாஸ் தன் வீட்டுத் திருப்புளியோடு வகுப்புக்கு வந்தார்.

"இன்னைக்குப் பாடம், கீல் கழட்டுறது. எல்லாரும் கிட்ட வாங்கடா."

அலமாரிக் கீலின் முதல் திருகாணியை அவர் கழற்றினார். மற்றவற்றை ஆளுக்கொன்றாகப் பையன்கள் கழற்றினார்கள். இரண்டு கதவும் பூட்டோடு சேர்ந்தே கையில் வந்தன. அவற்றைச் சுவரில் பதமாகச் சாத்திவைத்துவிட்டுக் கருவிகளைப் பகிர்ந்துகொண்டார்கள்.

செம்மலை பதறி ஓடிவந்தார். "என்ன காரியம் பண்ணியிருக்கீக அமலதாஸ்! தாளாளருக்கு நான் என்ன சொல்லுவேன்?"

"கதவைத் தூக்கிட்டுப்போயிக் காட்டுங்க சார். கண்ணாடியில ஒரு கீறல் இல்ல. பூட்டுனது பூட்டுனபடியே இருக்கு."

அதற்குமேல் செம்மலை என்னென்னவோ கத்தினார். ஆறு இழைப்புளிகளின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.