பன்னிரண்டாவது கச்சேரி

போன வாரம் ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு வருகிற பஸ்ஸில் ஓர் அம்மா என்னைக் கண்டுபிடித்துவிட்டார். பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்திக்கு மேலே போடுகிற ஸ்டாம்ப் சைஸ் போட்டோவுக்கு இவ்வளவு சக்தி இருக்கிறதென்று எனக்கே தெரியாது.

"நீங்கதானங்க பாட்டுல டிகிரி வாங்கினவங்க?"

ஆமாம் என்றேன். உடனே மகளை ஜன்னல் பக்கம் நெருக்கி உட்காரவைத்து எனக்கு இடம் கொடுத்தார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நன்றாகப் பாடுவாளாம். இசைக் கல்லூரியில் சேர்க்க ஆசை. பட்டம் வாங்க என்னென்ன வேண்டும் என்று கேட்டார்.

என்னிடமா இதைக் கேட்பது? விரலை மடக்க ஆரம்பித்துவிட்டேன். முதலில் குரல் தேர்வு... ஸ்ருதி சேருகிறதா, தாளம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் ஆறு செமஸ்டர். தியரி பேப்பர்கள். பிராக்டிகல். வாய்ப்பாட்டு எடுத்தாலும் கூடவே ஒரு வாத்தியம் படிக்க வேண்டும். தமிழ், இங்கிலீஷ் உண்டு. அட்டெண்டன்ஸ் குறையக் கூடாது. கடைசியில் மேடையேறி முழுசாக ஒரு மணி நேரம் பாடிக் காட்ட வேண்டும். அந்தப் பெண் போனில் வேகமாக டைப் செய்துகொண்டே வந்தாள்.

அப்படியே முடித்துவிட்டேன். ஆனால் முடியவில்லை.

"அக்கா, கச்சேரி நோட்டுன்னு ஒண்ணு இருக்காமே? நீங்க அதச் சொல்லலையே?"

இந்தக் காலத்துப் பிள்ளைகள் விசாரித்துவிட்டுத்தான் விசாரிக்கிறார்கள்.

"போகாமயே எழுதிரலாமாமே. எங்க சீனியர் சொன்னாங்க. நெசமாக்கா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். அதெல்லாம் சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம்மா என்றேன். கெட்டிக்காரி என்று கன்னத்தில் வேறு தட்டினேன். அம்மாவும் சிரித்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது எனக்குக் காது இரண்டும் சுட்டது.

கச்சேரி நோட்டு என்றால் என்ன என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் படித்த கல்லூரியில் கடைசி வருஷத்துக்குள் பன்னிரண்டு கச்சேரிகள் நேரில் கேட்டிருக்க வேண்டும். யார் பாடினார், பக்கவாத்தியம் யார், என்ன ராகம், எவ்வளவு நேரம்... எல்லாவற்றையும் எழுதி, கச்சேரி நடத்தியவர்களிடம் கையெழுத்தும் சீலும் வாங்க வேண்டும். பன்னிரண்டில் ஒன்று குறைந்தாலும் ஹால் டிக்கெட் வராது. மேடையேறிப் பாடுகிற பிராக்டிகலுக்கு உட்கார முடியாது. பட்டம் அங்கேயே நின்றுவிடும்.

என் நோட்டில் பதினொன்று இருந்தது. என் தோழி செல்வராணி நோட்டிலும் பதினொன்று. ராணிக்குச் சொந்த ஊர் மீமிசல். அப்பா மீன் ஏலம் விடுகிற இடத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. அந்தக் குடும்பத்தில் ஸ்வரம் எழுதிப் படித்த முதல் ஆள் அவள். அறந்தாங்கிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலைக்கு அப்போதே சொல்லி வைத்திருந்தார்கள். ஜூன் மாதம் சர்ட்டிஃபிகேட்டோடு வந்தால் வேலை.

திருமயம் பக்கத்தில் ஒரு கோயில் திருவிழா. வாய்ப்பாட்டுக் கச்சேரி. நாங்கள் இருவரும் சேர்ந்து போவதாகப் பேச்சு. அவள் ஹாஸ்டலிலிருந்து நேராக வருவாள், நான் வீட்டிலிருந்து வருவேன்.

நான் போகவில்லை.

காய்ச்சல் இல்லை, மழை இல்லை, பஸ் ஸ்டிரைக்கும் இல்லை. நான் பாடிய ஒரு நிமிஷ ரீல்ஸ் ஒன்றை அன்று சாயங்காலம் எடிட் செய்துகொண்டிருந்தேன். எதிரொலி கூட்டலாமா, குறைக்கலாமா... என் பாட்டை நானே நாற்பது தடவை கேட்டிருப்பேன். நிமிர்ந்து பார்த்தபோது கச்சேரிக்கு நேரம் தாண்டியிருந்தது.

ஆனால் என்னிடம் விழா நோட்டீஸ் இருந்தது. பாடகர் பெயர், வயலின், மிருதங்கம் எல்லாம் அச்சில் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்? நம் கச்சேரி என்ன, யாருக்கும் தெரியாத பாதையிலா போகிறது? முதலில் வர்ணம். பிறகு பிள்ளையார் மேல் ஒன்று. நடுவில் பெரிய ராகம் ஒன்று, அதற்குப் பின்னால் மிருதங்கத் தனி ஆவர்த்தனம், சில்லறை உருப்படிகள், மங்களம். ஒழுங்கான விஷயங்களில் இது ஒரு சங்கடம். போகாமலே போய்வந்த மாதிரி எழுதிவிடலாம். எழுதினேன். கல்யாணி ராக ஆலாபனை இருபது நிமிடம். மிருதங்கத் தனி பதினைந்து நிமிடம், "கணக்கு வழக்குகள் கேட்போரைக் கட்டிப்போட்டன." இந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சீலுக்கும் வழி இருந்தது. எங்கள் தெரு ஸ்டேஷனரி கடை மாமா விழாக் கமிட்டியில் இருந்தார். திங்கட்கிழமை காலையில் டீயைக் குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்தார். பிறகுதான் தெரிந்தது, அவரும் கச்சேரி கேட்கவில்லை. அன்னதானப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றிருக்கிறார். போகாதவள் எழுதியதற்குக் கேட்காதவர் சாட்சி.

பத்து நாளில் எங்கள் புரொபசர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு நோட்டும் திறந்து கிடந்தன.

"ஒருத்தர் மிருதங்கமே வரலைங்குறீங்க. இன்னொருத்தர் கால் மணி நேரம் தனி வாசிச்சாருங்குறீங்க. ரெண்டு பேரும் ஒரே கோயிலுக்குத்தானம்மா போனீங்க?"

மிருதங்கக்காரர் வந்த கார் வழியில் நின்றுவிட்டதாம். கடைசிவரை அவர் வரவேயில்லை. அதை ராணி அப்படியே எழுதியிருந்தாள். ஒன்றரைப் பக்கம்தான். சீல் இல்லை. கச்சேரி முடிந்ததும் ஊருக்குப் போக அறந்தாங்கிக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடியவளுக்குக் கமிட்டி ஆட்களைத் தேட நேரமில்லை. என்னுடையது நாலு பக்கம். ஊதா மையில் வட்டமாகச் சீல்.

சார் என்னைப் பார்த்து, போயிருந்தாயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போயிருந்தேன் சார்."

அவ்வளவுதான் நான் சொன்னது. அது போதுமானதாக இருந்தது. சாருக்கு அன்று இன்னும் முப்பது நோட்டு பாக்கி. சீல் இருந்ததை ஏற்றுக்கொண்டார், இல்லாததை நம்பாமல் தள்ளிவைத்தார். ராணி என்னைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள், நோட்டை எடுத்துக்கொண்டாள்.

வராந்தாவில் வைத்துத்தான் கேட்டாள்.

"ஒனக்குப் பக்கத்துல எடம் போட்டு வச்சிருந்தேன்ல. நீ எங்கிட்டு உக்காந்திருந்த?"

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி நகர்ந்துவிட்டேன்.

ராணிக்கு ஹால் டிக்கெட் வரவில்லை. அடுத்த முறை எழுதித்தான் பட்டம் வாங்கினாள். ஜூன் மாதம் அந்த வேலை வேறு யாருக்கோ போனது. ஒரு வருஷம் புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை பில்லிங்கில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கடை இருக்கிற வீதியில் அந்த வருஷம் முழுக்க நான் நடக்கவில்லை. தீபாவளித் துணியைக்கூட ஆன்லைனில் வாங்கினேன். நானோ... பட்டம், பத்தி, போட்டோ.

அதற்கப்புறம் கல்யாண வீடுகளில் ராணியைப் பார்த்திருக்கிறேன். நல்லாருக்கியா, நல்லாருக்கேன். நாலு வருஷம் அப்படியே ஓடியது.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், சுட்ட காது ஆறுவதற்குள் அவளுக்குப் போன் போட்டேன். ஆறினால் போடமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அறந்தாங்கியில் வீட்டோடு பாட்டு கிளாஸ் நடத்துகிறாள் இப்போது. பின்னால் பிள்ளைகள் சரளி வரிசை பாடிக்கொண்டிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரீல்ஸ், நோட்டீஸ், டீ, சீல்... எதையும் விடவில்லை.

"இதுல எனக்குத் தெரியாதது அந்த ரீல்ஸ் மட்டுந்தான்" என்றாள்.

பிறகு ஏன் அன்றைக்கு சாரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ஒன் நோட்டும் போயிருக்கும். அதுக்காக என் நோட்டுல சீல் வந்து ஒட்டிக்கிருமா?"

ஒரு பிள்ளை தாளத்தை விட்டதை அங்கிருந்தே அதட்டினாள். பிறகு நான், இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்காததைக் கேட்டேன். அன்று அவர் என்னதான் பாடினார்?

"இப்பவாச்சும் கேட்டியே."

சொன்னாள். மிருதங்கம் இல்லை என்றதும் பாடகர் நோட்டீஸில் போட்டிருந்ததை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டாராம். வர்ணமே இல்லை. தாளமில்லாத விருத்தங்களாகவே ஒரு மணி நேரம். பிறகு, முன்வரிசையில் இருந்த பெண்களைத் தாளம் போடச் சொல்லிவிட்டு மோகனத்தில் ஒரு பாட்டை எடுத்தாராம். முன்வரிசை போட, பின்வரிசை போட, செருப்புக்குக் காவல் இருந்தவர்வரை கைதட்டித் தாளம் போட்டாராம். அப்படி ஒரு கச்சேரியை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை என்றாள்.

"ஒன் எடத்துல என் பையத்தான் வச்சிருந்தேன். பாதிக்கு மேல ஒரு அக்கா தூங்குற பிள்ளையத் தூக்கிக்கிட்டு நின்னாங்க. சரி, இவ வரமாட்டான்னு எடுத்துட்டேன்."

சாருக்குக் கடிதம் எழுதப் போகிறேன் என்றேன். பட்டத்தைத் திரும்பக் கேட்டாலும் கேட்கட்டும்.

"எழுது. இதயாச்சும் பாத்து எழுது" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் காத்திருப்பதாகப் போனை வைத்தாள். மன்னித்தாளா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் சொல்லவில்லை.

கடிதம் நேற்று போஸ்ட் ஆகிவிட்டது. ஆலங்குடித் தங்கச்சி, பஸ்ஸில் நீ கேட்ட கேள்விக்கு நான் சிரித்தது பதில் இல்லை. ஆமாம், போகாமலே எழுதிவிடலாம். சீலும் கிடைக்கும், பட்டமும் கிடைக்கும். உன் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தவள் என்ன ஆனாள் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

பட்டத்துக்கான என் கடைசிப் பாடத்தை இங்கே சமர்ப்பிக்கிறேன். கச்சேரி நோட்டு, பதிவு எண் பன்னிரண்டு, திருத்தம்: ராகம் மோகனம், தாளம் போட்டது ஊர், கேட்டவர் செல்வராணி. நான் போகவில்லை.