இருநூற்றுப் பதினாலாம் பாட்டு

போன வாரம் எங்கள் வேதக்கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சுண்ணாம்பு என்று நான் சொன்னால், "பெயின்ட் ஆயா" என்று பேத்தி கிரேஸ் திருத்துகிறாள். இதை எழுதுவதும் அவள்தான். நான் சொல்லிக்கொண்டே போகிறேன், அவள் என் பேச்சுக்குக் கொஞ்சம் இஸ்திரி போடுகிறாள். சுவரில் தொங்கிய பாட்டு எண் பலகையைக் கழற்றிப் பின்பக்கம் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், அதிலிருந்து மூன்று கட்டைகள் வேண்டும் என்று அவளை அனுப்பினேன். ஒரு இரண்டு, ஒரு ஒன்று, ஒரு நாலு. வந்ததும் முகர்ந்து பார்த்தேன். வவ்வால் புழுக்கை, வார்னிஷ், மெழுகுவர்த்தி எல்லாம் கலந்த அதே வாசனை.

"இன்னா ஆயா, கட்டைய மோந்து பாத்துக்கினு கீற?"

அவளுக்கு என்ன தெரியும்? எனக்கு இந்த உலகத்தில் படிக்கத் தெரிந்தது எண் மட்டும்தான். அதுவும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு கற்றுக்கொடுத்தது. எழுத்து எல்லாம் எனக்கு எறும்பு வரிசைதான்.

ஆனால் பாட்டு வரும். ஒரு முறை கேட்டால் போதும், காதில் ஒட்டிக்கொள்ளும். கல்லக்காய்க்கு, அதான் வேர்க்கடலைக்கு, களை எடுக்கும்போது அம்மா பாடுவாள், பக்கத்து வரிசையில் நான் பாடுவேன். அப்படி வந்ததுதான் எல்லாம். கல்யாணமாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஐயரம்மா, எங்கள் போதகரின் மனைவி, "பாடுவியாம்மா?" என்று கேட்டார். "பாடுவேங்க" என்றேன். கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார். பாடுவியா என்றுதானே கேட்டார்? படிப்பியா என்று கேட்கவில்லையே. நானும் விரித்துப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு மாட்டியவள்தான்.

மூன்று மாதத்தில் பாட்டை எடுத்துக்கொடுக்கிறவள் நான் என்று ஆகிவிட்டது. பலகையில் எண் மாட்டுவார்கள், நான் முதல் அடியை எடுப்பேன், சபை பிடித்துக்கொள்ளும். எந்த எண்ணுக்கு எந்தப் பாட்டு என்று எங்கள் வீட்டுக்காரர்தான் சொல்லிக்கொடுத்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே எண்ணைச் சொல்வார், நான் முதல் அடியைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷத்தில் புத்தகம் முழுக்க என் தலைக்குள் வந்துவிட்டது.

"பேசாம சொல்லிடேன், படிக்கத் தெரியாதுன்னு. இன்னா ஆயிடப் போவுது?" என்பார்.

"மலைக்குக் கூட்டிக்கினு போவ மாட்டாங்க. உனுக்கு இன்னா, நீ சொல்லிட்டுப் போயிடுவ."

என் உயிர் அந்த மலையில்தான் இருந்தது. மாதம் ஒரு தரம் கரியாலூர்ப் பக்கம் வேதம் சொல்லுகிற ஊழியத்துக்குப் போவோம். சாமைக் களத்தில் உட்கார்ந்து பாடினால் கேட்கிற சனங்கள் வேலையை நிறுத்திவிட்டு வருவார்கள். என் குரல் ஒரு சரிவில் போய் முட்டி, இன்னொரு பக்கமிருந்து என்னிடமே திரும்பும். வயல் வேலை, மாடு, மாமியார் எல்லாவற்றுக்கும் அப்பால் எனக்கு என்று இருந்தது அந்த ஒரு நாள்தான். ஆனால் அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. போகிறவர்கள் முறை வைத்து வேதம் வாசிக்க வேண்டும். என் முறை வந்தால் எனக்குத் தொண்டை கட்டும், இல்லை தலை சுற்றும். அடிக்கடி தலை சுற்றியதால் முழுகாமல் இருக்கிறாள் என்று ஒரு தடவை ஊரே பேசியது. அப்புறம்தான் புத்தி வந்து, திருக்கோவிலூர் ஆற்றுத் திருவிழாவில் ஒரு கண்ணாடி வாங்கினேன். கண் நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் மறந்துவிட்டு வருவதற்கு ஒரு கண்ணாடி வேண்டுமல்லவா?

மலைக்குப் போகிற பஸ்ஸில் நடுவில் இறங்க முடியாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். என் பொய்யும் அப்படித்தான். ஏறிவிட்டேன், வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தேன். இருபது வருஷத்துக்கு மேல்.

பலகையில் இருநூற்றுப் பதினாலு ஏறினால் யாரோ இறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது அடக்கப் பாட்டு. எங்கள் பக்கத்து உபதேசியார் ஒருவர் எந்தக் காலத்திலோ கட்டியது. நாலு சரணம். ஒவ்வொரு சரணத்திலும் மூன்றாவது அடி ரொம்ப நீளம், எனக்கு மூச்சு முட்டும். அதனால் அந்த இடத்தில் நான் நிறுத்திவிடுவேன். என் பின்னால் நிற்கிற ஞானசௌந்தரி அதை வாங்கிப் பாடுவாள். அவள் மூச்சு துருத்தி மாதிரி. நாலாவது அடிக்கு நான் சேர்ந்துகொள்வேன்.

எங்கள் வீட்டுக்காரர் போன அடுத்த வருஷம் பழைய புத்தகங்களை வாங்கிக்கொண்டு புதுப் புத்தகம் கொடுத்தார்கள். நல்ல வழுவழுப்பு. எண்கள் எல்லாம் மாறியிருந்ததை யார் எனக்குச் சொல்வது? சொல்லக்கூடியவர் கல்லறையில் இருந்தார்.

அந்தப் புத்தகத்தை வைத்து முதலில் நடந்தது ஞானசௌந்தரி மகள் கல்யாணம். பட்டுப்புடவை, மல்லிகை, மூக்கில் அந்தக் கண்ணாடி வேறு, நாலு பேர் பார்க்க. பலகையைப் பார்த்தேன்: இருநூற்றுப் பதினாலு. கல்யாணத்தில் எதற்கு என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பெண்ணுடைய அப்பா இறந்தவர், அவரை நினைத்துத்தான் போதகர் ஐயா போட்டிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். குரலெடுத்துப் பாடினேன். பெண்கள் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் கூடவே சேர்ந்தார்கள். மூன்றாவது அடியில் நான் மூச்சு வாங்க, மணப்பெண்ணின் அம்மா ஞானசௌந்தரி கோயிலே அதிரப் பாடினாள். ஆண்கள் பக்கம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஐயா கையைத் தூக்கினார்.

முதுகில் ஒரு கிள்ளு விழுந்தது. "அடிப்பாவி, இன்னா பாட்டுடி எடுத்த? எம்பொண்ணுக்குக் கல்யாணம்டி!"

"நீ ஏண்டி பாடுன?"

"நீ எடுத்த, நான் பாடுனேன்."

திரும்பிப் பார்த்தேன். அவள் கையிலும் புத்தகம் விரித்தபடி இருந்தது. பாடிய ஏழெட்டுப் பேர் கையிலும் இருந்தது. ஒருத்தி முகமும் நிமிரவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"புத்தகத்தப் பாக்கலியாம்மா?" என்றார் ஐயா. கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லலாம் என்றால் பாழாய்ப்போனது மூக்கிலேயே உட்கார்ந்திருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க ஐயா" என்றேன். "மலைக்கு வேணான்னா நின்னுக்கிறேங்க."

பின்னாலிருந்து ஞானசௌந்தரி, "எனக்குந்தாங்க ஐயா" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் முக்காட்டுக்குள்ளிருந்து கல்யாணப் பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். ஐயா புத்தகத்தை மூடினார். "தெரிஞ்சதுல நல்லதா ஒண்ணு எடும்மா" என்றார். எடுத்தேன். மலைக்கும் அதற்கப்புறம் பதினாறு வருஷம் போனேன். என் முறை வந்தால் வாசிக்கிறதுக்குப் பதில் பாடினேன்.

இப்போது மூட்டு தேய்ந்துவிட்டது. மலை எங்கே, மாடி இறங்கவே நாலு பேர் வேண்டும். கோயிலில் வெள்ளைத் திரையில் எழுத்து ஓடுகிறது. எண் கிடையாது. பாட்டெல்லாம் புதுசு. நான் நடுவரிசையில் வாயை மூடிக்கொண்டு எறும்பு பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்று என்னோடு பாடிய ஏழெட்டுப் பேருக்கும் அந்த இருநூற்றுப் பதினாலை நான்தான் பாடினேன். கடைசியாக ஞானசௌந்தரிக்கு. அன்றைக்கு மூன்றாவது அடி வந்தபோது நான் பழக்கத்தில் நிறுத்தினேன். யாரும் வாங்கவில்லை. நாலாவது அடிக்குப் போய்விட்டேன்.

அந்தப் பாட்டு புதுப் புத்தகத்திலேயே இல்லையாம். கிரேஸ் போனில் தேடினாள், அதிலும் இல்லை. "நீ பாடு ஆயா, எழுதிக்கிறேன். உனக்குப் பாட வேணாமா?" என்றாள், சாவைப் பற்றித் துளி கூசாமல். நேற்று உட்கார்ந்து பாடினேன். மூன்றாவது அடியில் ராகம் வருகிறது, வார்த்தை வரவில்லை. ஆயிரம் தடவை முதுகுக்குப் பின்னால் கேட்டதுதான். நோட்டை என் முன்னால் திருப்பிக் காட்டினாள். மேலே இருநூற்றுப் பதினாலு. கீழே எறும்பு வரிசை, நடுவில் நாலு இடத்தில் வெறும் தாள்.