முதலாளி தொட்டுப் பார்த்த விரிப்புகள்

கனகேஸ்வரிக்கு மனிதர்களில் பெரிய மதிப்பு இருந்ததில்லை. கழுத்துப்பட்டி கட்டிய மனிதர்களில் அறவே இல்லை. வெள்ளவத்தையில் தாயோடு இருந்தவள், முகாமைத்துவம் படித்துப் பட்டம் வாங்கி, கொட்டாஞ்சேனையில் ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு சலவை ஆலைக்கு மனேஜராகப் போனாள். வேலை எந்த இடத்தில் தேங்குகிறது என்று பார்த்துச் சரிப்படுத்துவதுதான் அவளுக்குக் கொடுத்த பொறுப்பு. ஆனால் அங்கே கண்டுபிடிக்க ஒன்றுமே இருக்கவில்லை. தேங்கும் இடம் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரிந்திருந்தது.

விடியும்போதே பெட்ஷீட்டும் துவாயும் வெளுத்து, காய்ந்து, அயன் பண்ணி, மடித்துக் கட்டி முடிந்துவிடும். அதற்குப் பிறகு எல்லாம் அப்படியே கிடக்கும். முதலாளி கிருபாகரன் வந்து தொட்டுப் பார்க்காமல் ஒரு கட்டும் லொறியில் ஏறக்கூடாது. அவரோ குளித்து, கோயிலுக்குப் போய், ஆறுதலாகச் சாப்பிட்டு, வெயில் ஏறிய பிறகுதான் வருவார். மேலே கிடக்கும் விரிப்பைக் குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோலத் தடவிவிட்டு, "ம்" என்பார். அந்த ஒற்றை "ம்"முக்காக லொறிகள் தவம் கிடக்கும். கிடைத்துப் புறப்பட்டால் காலி வீதி என்ற பெருந்தெருவில் வாகன நெரிசல். கொள்ளுப்பிட்டியில் ஹோட்டல்காரர்கள் விரிப்பில்லாத கட்டில்களோடு தொலைபேசியில் கத்துவார்கள்.

முதலாளி கண்ட காரணம் வேறு. "வேலையாக்கள் சரியான சோம்பேறியள், பிள்ளை."

சோம்பலை முறிக்க பிறெடி என்றொரு ஆலோசகரைக் கூட்டி வந்தார். பிறெடி தரையெல்லாம் மஞ்சள் கோடு போட்டார். ‘இன்று நேற்றைவிட நன்று’ என்று சுவரில் எழுதி ஒட்டினார். வேலை முடிந்ததும் எல்லோரும் வட்டமாக நின்று கைதட்ட வேண்டும் என்றார். இரவு முழுக்க அயன் மெஷினோடு நின்று கால் வீங்கிய பெண்கள், வீட்டுக்குப் போகும் நேரத்தில் நின்று கைதட்டினார்கள். கனகேஸ்வரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஒருநாள் அவரிடம் நேரடியாகவே கேட்டாள். "லொறி ஏன் பிந்துதெண்டு நீங்கள் இன்னும் காணேல்லையோ?"

பிறெடி தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். "கண்டனான் மிஸ். வந்த அண்டைக்கே கண்டனான்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா அவர் எனக்குத் திரும்ப வேலை தருவாரே?"

அவர் வெட்கப்படவில்லை. தெரியாதவனை மன்னிக்கலாம். தெரிந்துகொண்டு மஞ்சள் கோடு போடுபவனை என்ன செய்வது?

பிறகு முதலாளி மனைவியோடு திருப்பதிக்குப் போனார். போகும்போதும் பிடியை விடவில்லை. ஒவ்வொரு நாளும் வீடியோவில் விரிப்புகளைக் காட்ட வேண்டுமாம். விரிப்பின் மென்மை வீடியோவில் எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் நாள் காலை லொறிப் பொறுப்பாளர் ஷரீப் ஓடி வந்தார்.

"மிஸ், மொதலாளிட போன் ஓஃப். கோயில் கியூவுக்குப் போக முந்தி வாங்கி வெச்சிருப்பாங்க."

"நல்லது. லொறியை எடுங்கோ."

"பாக்காமலேயா?"

"நான் பாத்திட்டன். மடிச்ச பிள்ளையளும் பாத்திட்டுத்தான் மடிச்சவை. எடுங்கோ."

தெருவில் வாகனம் கூடுவதற்கு முன்பே லொறிகள் போய்ச் சேர்ந்தன. அடுத்த நாளும் அப்படித்தான். முதலாளி மாலையில் அழைத்தபோது, "எல்லாம் போயிட்டுது" என்று மட்டும் சொன்னாள். அவர் திரும்பி வரும்வரை ஹோட்டல்களிலிருந்து ஒரு முறைப்பாடும் வரவில்லை. வராததோடு, கொள்ளுப்பிட்டியில் பெரிய ஹோட்டல் ஒன்று நன்றி சொல்லி ஒரு கேக்கையும் அனுப்பிவிட்டது.

முதலாளி லட்டோடு வந்து கேக்கைக் கண்டார். நடந்ததைக் கேட்டார். சொல் கேளாததற்கு ஏசுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"நான் இல்லாமலே நடந்ததோ?"

கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம். அவளிடம் அது கைவசம் இருக்கவில்லை.

"நீங்கள் இல்லாதபடியால்தான் நடந்தது."

அடுத்த நாளிலிருந்து மேல் விரிப்பை மட்டும் தடவும் வழக்கம் ஒழிந்தது. எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்துக் காட்டச் சொன்னார். அவிழ்த்ததைப் பெண்கள் திரும்ப மடித்துக் கட்டினார்கள். பிறெடி அதற்கு ‘இரட்டைத் தரச் சோதனை’ என்று பெயர் வைத்தார். கனகேஸ்வரி அந்த மாதமே விலகி, மருதானைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டாள்.

சில மாதம் கழித்து ஷரீப் அழைத்தார். கேக் அனுப்பிய ஹோட்டல் வேறு இடத்துக்குத் துணி கொடுக்கத் தொடங்கிவிட்டதாம். பின்னால் இன்னும் இரண்டு போய்விட்டனவாம்.

"இப்ப துணி கொறவு மிஸ். மொதலாளி கெதியா பாத்து முடிச்சிர்ராரு. லொறி பிந்துறதே இல்ல. தாமதத்த ஒழிச்சிட்டோம்னு பிறெடி பெரிய போர்டு அடிச்சி மாட்டியிருக்காரு."

கனகேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் வேறொன்று உறைத்தது.

"மடிக்கிற பிள்ளையள்?"

"பாதிப் பேர வேலையில இருந்து நிப்பாட்டிட்டாங்க."

அவள் வாயிலிருந்து வந்த வார்த்தையை ஷரீப் கேட்காததுபோல் இருந்துகொண்டார். மறுநாள் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் ஆள் தேவையா என்று விசாரித்தாள். இரண்டு பேருக்கு இடம் இருந்தது. நிப்பாட்டிய பெண்களில் இரண்டு பேரை வரச் சொன்னாள்.