பூமிநாதன் ஸ்டுடியோவின் சாத்திய ஜன்னல்

பாம்பனில் கம்ப்யூட்டர் பழுதென்றால் முன்பெல்லாம் அதைப் பழைய போர்வையில் சுற்றி மதுரை பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அது திரும்பி வருவதற்குள் அதன் மேல் இருந்த ஆசையே பாதிப் பேருக்குப் போயிருக்கும். காஜா நவாஸ் வளைகுடா வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து ஜெராக்ஸ் கடை போட்டபோது, கடையின் பின்பாதியில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டவள் அவன் மனைவி மர்ஜானா. படித்தது கம்ப்யூட்டர் சயன்ஸ். திருப்புளியைத் தலைமுடியில் செருகிவிட்டு அதையே தேடுவாள். பலகையில் இருந்தது அவன் பெயர். ஆட்கள் வந்தது அவளைத் தேடி. அதில் அவனுக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை.

கல்யாண வீடியோ எடுக்கும் பூமிநாதன் ஒரு சித்திரை மாதம் கடைக்கு வந்தார். அவருடைய ஸ்டுடியோ கடலைப் பார்த்த மாடியில் இருந்தது. அங்கே ஓடிய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மர்ஜானா அதைத் திறந்து காட்டினாள். உள்ளே தகடெல்லாம் உப்புப் பூத்து, செம்பு பச்சையாகிக் கிடந்தது.

"ஜன்னலைத் தொறந்து வச்சிருக்கீகளா அண்ணே?"

"பின்ன? கச்சான் காத்து சும்மா அள்ளிக்கிட்டு வருது. அதவிட என்ன கூலிங் வேணும்?"

கடற்கரையில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யும் தப்பு அது. காற்று வந்தால் குளிர்ச்சி என்று நம்பி, அது கொண்டுவரும் உப்பை மறந்துபோவார்கள்.

அவருக்கு இப்போது புது மிஷின் வேண்டும். அதுவும் ஓவர்கிளாக் பண்ணியது. கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் முடுக்கிவிட்டால் வீடியோ சீக்கிரம் முடியும்; ஆனால் சூடு ஏறும். அந்தச் சூட்டை இறக்க, பம்பு வைத்துக் குழாயில் தண்ணீரைச் சுற்றவிடும் தண்ணீர் செட்தான் வேண்டும் என்றார். மதுரைக் கடையில் நீலவிளக்கு எரிய ஒன்றைப் பார்த்து வந்திருந்தார்.

"காத்துல உப்புங்குற. சரி, தண்ணியப் போட்டா காத்தோட சோலி முடிஞ்சுபோச்சுல்ல?"

"தண்ணிய ஆத்துறது யாரு? அதுக்கும் ரேடியேட்டரு இருக்கு, காத்தாடி இருக்கு. உப்பு அதையும்தான் தின்னும். நான் சொல்றது பெரிய தகடு வச்ச காத்துக் கூலரு. ஜன்னலைச் சாத்திக்கங்க, போதும்."

"நீ கட்டித் தரலைன்னா மதுரையில கட்டித் தர்றான் தங்கச்சி" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னதைச் செய்கிறவர்.

காஜா நவாஸ் ஜெராக்ஸை நிறுத்திவிட்டுப் பின்பாதிக்கு வந்தான். அவளைத் தேடி வந்த முதல் பெரிய வேலை இது. மர்ஜானா கட்டிய மிஷினில்தான் தீவின் கல்யாணமெல்லாம் ஓடுகிறது என்று பேர் வந்தால் இனி யாரும் பஸ் ஏற்ற மாட்டார்கள். கை நழுவினால் அவள் காலமெல்லாம் கீபோர்டில் கொட்டிய டீயைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"அவரு கேக்குறதக் குடுத்துட்டுப் போயேன் புள்ள" என்றான் மெதுவாக.

"இருங்க மச்சான். ரெண்டையும் கட்டிப்போட்டு ஓட்டிப் பாத்துருவோம்."

அவள் வாப்பா விசைப்படகு வைத்திருந்தவர். புது எஞ்சின் இறக்கினால் மற்றவர்கள் கடலில் ஒரு சுற்றுப் போய்வந்து சரி என்பார்கள். அவர் படகை, படகு கட்டும் பாலத்துத் தூணில் வடம் போட்டுக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார். கொஞ்ச நேரத்துக்கு எந்த எஞ்சினும் நல்ல எஞ்சின்தான் என்பது அவர் பேச்சு.

மர்ஜானா இரண்டு கூலரையும் தருவித்து, பூமிநாதனின் மாடியிலேயே, உச்சி வெயிலில் சோதனை வைத்தாள். பழைய கல்யாணம் ஒன்றை முழு வேகத்தில் ஓடவிட்டாள். முதலில் காற்று. சூடு ஏறி ஓர் இடத்தில் நின்றது. அதைக் குறித்துக்கொண்டு தண்ணீர் செட்டை மாட்டினாள். லுஹர் தொழுகை முடிந்து வந்த அவள் தாய்மாமன் வாவு முகம்மது, படகுக்காரர், வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன பூமி, கல்யாணம் முடிஞ்சு ரெண்டு புள்ள பெத்துட்டாக, இன்னும் தாலி கட்டிக்கிட்டே இருக்காக?"

"ஒங்க மருமகதான் மாப்பிள்ளைய விடமாட்டேங்குது பாய்!"

தண்ணீர் செட்டில் சூடு வெகுவாகக் கீழே நின்றது. பூமிநாதன் தொடையைத் தட்டினார். "பாத்தியா! நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"வடத்த அவுக்காதீக. ஓடட்டும்."

ஓடியது. செட்டுக்குள் இருந்த தண்ணீரே மெல்லச் சூடானது. திரையில் எண் ஏறிக்கொண்டே வந்தது. டீ வந்து, டம்ளர் காலியாகி, மாமா இரண்டாவது டீயும் கேட்டுவிட்டார். கடைசியில் எண் காற்றுக் கூலரின் எண்ணுக்கு மிக அருகில் வந்து நின்றது. அருகில்தான், தொடவில்லை.

"எது செயிச்சுச்சு?" என்றார் பூமிநாதன். அவருக்கு அந்த எண்களைப் பார்க்கத் தெரியாது.

காஜா நவாஸுக்குத் தெரியும். ரெண்டும் ஒண்ணுதான் என்று அவள் சொல்லிவிட்டால் வேலை கைக்கு வந்துவிடும். சொல்லிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

"தண்ணி" என்றாள் மர்ஜானா. "கொஞ்சந்தான். ஆனா தண்ணிதான்."

மாமா டம்ளரை வைத்தார். "ஏ புள்ள, ஒம் படகுல நீயே ஓட்டையப் போடுறியே!"

"அப்புறம் ஏன் காத்துங்குற?" பூமிநாதன் குரலில் இப்போது சிரிப்பில்லை.

"காத்தாடி நின்னுபோச்சுன்னா ஓடியாந்து வேற மாட்டிருவேன். பம்பு நின்னுபோச்சுன்னா இங்கன யாராலயும் ஒண்ணும் ஏலாது, எனக்கும் ஏலாது. வெளியூருக்குத்தான் அனுப்பணும். முகூர்த்தச் சமயத்துல பொண்ணு வீட்டுக்கு என்ன சொல்வீக? அந்தக் கொஞ்சச் சூட்டுக்கு வேகத்த ஒரு பிடி கொறச்சு வைக்கிறேன். ஒங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது."

பூமிநாதன் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"தோத்தத வாய்விட்டுச் சொல்ற யாவாரி நீ ஒருத்திதான். காத்தையே மாட்டு தங்கச்சி."

"ஜன்னலு?"

"அதுல மட்டும் கைய வைக்காத."

அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். "அப்ப மதுரைக்கே போங்கண்ணே."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பூமிநாதன் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போய் ஜன்னலை இழுத்தார். அது அசையவில்லை. கட்டிய நாளிலிருந்து சாத்தாத ஜன்னல். கீல் துருவேறி இறுகியிருந்தது. காஜா நவாஸ் கீழே போய்ச் சுத்தியல் வாங்கிவந்து தட்டித் தட்டிச் சாத்தினான். அன்றைக்கு அடித்த ஒவ்வோர் அடியும் அவனுக்கு மேளச் சத்தமாகக் கேட்டது.

அதன்பின் எத்தனையோ சீசன் அந்த மிஷின் நிற்கவில்லை. மர்ஜானாதான் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழவில்லை. பின்பாதி மேசையில் அவள் திருப்புளி இப்போது தேடாமலே கிடைக்கிறது.

கச்சான் காலம் முடிந்ததும் மிஷினின் காத்தாடியை மாற்றுவது அவள் வழக்கம். இந்த முறை அவள் செய்ததைப் பார்த்துப் பழகிய கையோடு காஜா நவாஸ் மாடியேறிப் போனான். உள்ளே ஆல்பம் பார்க்க வந்த பெண் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். புழுக்கம். ஒருவர் எழுந்து ஜன்னல் கொண்டியில் கை வைத்தார்.

"ஏ, தொறக்காதீக!" பூமிநாதன் பதறிப்போய்க் கத்தினார். "தங்கச்சி திட்டும்."

சொன்ன பிறகுதான் வாசலில் நின்ற காஜா நவாஸைப் பார்த்தார். காஜா நவாஸ் உள்ளே போய், கொண்டி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, மிஷினின் மூடியைக் கழற்றினான்.