பந்தயத்தில் ஜெயித்த முதுகு

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைச் சுருட்டிப் படுக்கவைக்கும் வேலை. முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீர் எடுக்கும்போது, பிள்ளை இறால் மாதிரி வளைந்து அசையாமல் கிடக்க வேண்டும். மற்றவர்கள் அமுக்கிப் பிடிப்பார்கள். இந்த மனுஷன் எதிர்க் கட்டிலில் தானும் ஏறிப் படுத்து, முழங்காலை மடக்கிக்கொண்டு பந்தயம் கட்டுவார். யார் முதலில் அசைகிறார்களோ அவர்கள் அவுட். ஊசியை உருவியதும் வேண்டுமென்றே காலை ஆட்டித் தோற்றுப்போவார். இந்தத் தொப்பைக்கு இதெல்லாம் தேவையா? சொன்னால் கேட்கிற ஜென்மமா?

அதே ஆஸ்பத்திரி லேபில்தான் எனக்கு வேலை. அன்று நீரை வாங்கிப்போக ஐஸ் பெட்டியோடு நின்றிருந்தேன். கட்டிலில் ஆறு வயதுப் பெண், நரம்பு நோய்க்காரி. நரம்பு கெட்டால் அந்த நீரில் ஒரு புரதம் ஏறும். அது இறங்கியிருந்தால்தான் புது மருந்தைத் தொடர்வார்கள், இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். போன வாரம் துள்ளிவிட்டாள். ரத்தம் கலந்து எல்லாம் வீண். அவள் அம்மா கதவோரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்கதான் தோப்பீங்க," என்றாள் சிறுமி.

"பாக்கலாம் பாக்கலாம்," என்றார் இவர்.

ஊசி இறங்கியது. அவள் அசையவில்லை. இவர் முகம்தான் அஷ்டகோணலாகியது. இடுப்பு பிடித்துக்கொண்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. இத்தனை வருஷமாக இவரோடு குப்பை கொட்டுகிறேனே. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர். வீட்டில் கொசு கடித்தாலே ஊரைக் கூட்டுகிறவர், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஒரு 'ஐயோ' சொன்னால் பிள்ளை மிரண்டு துள்ளிவிடும்.

தண்டுவட நீர் ஒரு பொட்டு ரத்தமில்லாமல் சின்னக் குழாயில் சொட்டியது. குழாயை மூடி ஐஸில் வைத்தேன்.

"முடிஞ்சுதும்மா, காலை நீட்டிக்கோ," என்றார் டாக்டர்.

அவள் நீட்டினாள். இவர் நீட்டவில்லை.

"நீங்க இன்னும் அசையவே இல்ல மாமா. நீங்கதான் ஜெயிச்சீங்க," என்றாள், கொஞ்சம் கடுப்போடு. பிறகு உற்றுப் பார்த்தாள். "ஊசி எனக்குத்தான போட்டாங்க? நீங்க ஏன் அழறீங்க?"

இரண்டு வார்டு ஆட்கள் அவரைச் சுருண்டபடியே தூக்கிப்போனார்கள். திட்டுவதற்கு வண்டி வண்டியாக வைத்திருந்தேன். குழாய் அவசரத்தில் லேபுக்கு ஓடிவிட்டேன்.

சில நாள் கழித்து ரிசல்ட் வந்தது. புரதம் பாதியாக இறங்கியிருந்தது. மருந்து தொடரும். வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்போது அவர் நன்றாக நிமிர்ந்து நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மறுபடியும் கண்ணில் பொலபொலவென்று.

"என்ன?" என்றேன்.

"இடுப்பு," என்றார்.

"சரி, இடுப்புதான்," என்று சொல்லி, கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன்.