வெண்டல் திருப்பித் தராத படகு

விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே, ட்ரௌட் ஃபால்ஸ் என்கிற சின்ன ஊரில், ஏரிக்குத் திரும்புகிற முக்கில் மீன்பிடிப் புழு விற்கும் ஆர்டிஸ் ஸ்டெங்கலைத் தெரியாதவர் கிடையாது. தெரியாது என்று யாராவது சொன்னால், அவர் அவளிடம் எப்போதோ வாங்கிக் கட்டிக்கொண்டதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்று அர்த்தம்.

அவளைப் பற்றிச் சொல்வதென்றால் கடையிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, கடைக்கு முன்னால் நட்டிருக்கும் பலகையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தேர்தல் வந்தால் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு புல்தரையில் வேட்பாளர் பேர் போட்ட அட்டை முளைக்கும். ஆர்டிஸுக்கு அச்சடித்த அட்டை ஆகாது. பழைய கதவு ஒன்றை அறுத்து, வெள்ளையடித்து, கறுப்புப் பெயின்டால் தன் கையாலேயே எழுதுவாள். அவளுடைய தம்பி வெண்டல் முதல்முறை மாநில ஆளுநர் தேர்தலில் நின்றபோது அவள் எழுதி நட்டது இது:

"வெண்டல் என் தம்பி. நல்லவன்தான். என் படகை வாங்கிப் போனான். இன்னும் தரவில்லை. யோசித்து ஓட்டுப் போடுங்கள்."

யாரோ அதைப் படம் எடுத்துப் போட, மாநிலம் முழுக்கச் சிரித்தது. வெண்டலின் ஆட்கள் தலையில் கை வைத்தார்கள். ஆனால் வெண்டல் ஜெயித்துவிட்டான். பலகை இருந்தும் ஜெயித்தான் என்று அவன் ஆட்கள் சொன்னார்கள், பலகையால்தான் ஜெயித்தான் என்று ஆர்டிஸ் சொன்னாள். அவள் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. அந்த மாநிலத்தில் எவன் கொட்டகையைத் திறந்தாலும் அடுத்தவன் சாமான் ஒன்றாவது உள்ளே கிடக்கும். நம்மைப் போல ஒருத்தன் என்று பாதிப் பேர் நினைத்திருப்பார்கள். அடுத்த தேர்தலில் அவள் அதே பலகைக்கு மறுபடி பெயின்ட் அடித்து, 'இன்னும்' என்ற வார்த்தைக்கு அடியில் ஒரு கோடு மட்டும் போட்டாள்.

இப்படி இருக்கையில் ஒரு கோடையில், செனட்டர் டன்மோர் அம்மையார் அதிபர் தேர்தலுக்குத் தன் கட்சியின் வேட்பாளர் ஆனார். கூட நிற்கத் துணை அதிபர் வேட்பாளர் ஒருவர் வேண்டும். அது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததால் தொலைக்காட்சியில் எல்லாரும் சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்ட பேர்களில் வெண்டல் ஸ்டெங்கல் பேரும் இருந்தது. அன்றோடு ட்ரௌட் ஃபால்ஸுக்குப் புத்தி பிசகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ரோலியின் மதுக்கடையில் பொரித்த மீன் சாப்பிட ஊரே கூடும். சாப்பிட்டு முடித்ததும் இறைச்சிக் குலுக்கல் நடக்கும். கைப்பிடி வைத்த மரக்கட்டைகளில் எண் எழுதியிருக்கும், ஆளுக்கு ஒரு கட்டை. சக்கரம் சுற்றி எந்த எண்ணில் நிற்கிறதோ, அந்தக் கட்டைக்காரருக்குப் பன்றித்தொடை. இந்த முறை ரோலி எண்களை அழித்துவிட்டு ஆளுக்கு ஒரு அரசியல்வாதி பேரை எழுதியிருந்தான். சக்கரத்துக்கு வேலை இல்லை, டன்மோர் அம்மையார் யாரைத் தேர்ந்தெடுக்கிறாரோ அந்தக் கட்டைக்கு இருப்பதிலேயே பெரிய தொடை.

"வெண்டல் புதுக் கோட் தைக்கக் குடுத்திருக்கான்," என்றான் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற கார்ல். "தைக்கிறவன் என் மச்சினன்தான்."

"கோட் தெச்சா துணை அதிபராடா? அப்போ என் கல்யாணத்தன்னைக்கு நான் யாரு?"

"நீ வாடகைக் கோட்டு, ரோலி. மறுநாளே திருப்பிக் குடுத்தியே."

"கோட்ட விடு. நம்மூரு கண்காட்சியில ஜெயிக்கிற மாட்டுக்கு ரிப்பன் கட்ட வரமாட்டேன்னுட்டானாம். வருஷம் தவறாம வர்றவன். ஏன் வரல?"

"மாடு வேற கட்சியா இருக்கும்."

"சிரிங்கடா. நம்மூருக்காரன் வெள்ளை மாளிகைக்குள்ள போகப் போறான்."

"போய் என்ன பண்ணுவான்? துணை அதிபர்னா ஸ்டெப்னி டயர் மாதிரி. டிக்கியில கெடக்கணும். பஞ்சர் ஆனாத்தான் அவன் பேரே ஞாபகம் வரும்."

கதவைத் திறந்துகொண்டு ஆர்டிஸ் வந்ததும் பேச்சு நின்றது. ரோலி கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு கட்டையை எடுத்து நீட்டினான். அதில் 'வெண்டல்' என்று எழுதியிருந்தது.

"ஆளாளுக்குக் கேட்டாங்க. உனக்குன்னு எடுத்து வெச்சேன்."

"பன்னித்தொடையில உப்பு ஜாஸ்தி. டாக்டர் தொடாதேன்னு சொல்லியிருக்காரு," என்றாள் ஆர்டிஸ். சொல்லிவிட்டுக் கட்டையை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். மீன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அதைக் கீழே வைக்கவில்லை. கத்தியும் முள்கரண்டியுமாகச் சாப்பிடுகிற ஊரில் அப்படி ஒரு கையால் மீன் சாப்பிடுவது லேசில்லை.

மறுநாள் காலை வெண்டல் ஃபோன் செய்தான்.

"ஆர்டிஸ், அந்தப் பலகை இன்னும் நட்டுதான் இருக்கா?"

"படகு வந்துச்சா?"

"வெளையாடாத. செனட்டரோட வக்கீலுங்க வருவாங்க. என்னப் பத்தி, சொந்தக்காரங்களப் பத்தி எல்லாம் விசாரிப்பாங்க. ஒரு வாரம் மிச்சிகன்ல நம்ம பெரியப்பா பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வாயேன்."

"மீனு கடிக்கிற நேரத்துல கடையப் பூட்டச் சொல்றியா?"

"அப்போ வாயையாவது பூட்டு."

  அப்புறம் வெண்டல் குரலை இறக்கி, மேடையில் பேசுகிற தொண்டையை விட்டுவிட்டுச் சொன்னான்: "எனக்கு இது வேணும், ஆர்டிஸ்."

இதே குரலில்தான் அன்றைக்குப் படகையும் கேட்டான்.

அவள் போய்ப் பலகையைப் பிடுங்கினாள். புழுப்பெட்டிக்குப் பின்னால், எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி சாத்தி வைத்தாள். அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. ட்ரௌட் ஃபால்ஸில் ஆர்டிஸ் பேசாமல் இருப்பது ஏரி பேசுவதற்குச் சமம். கார்ல் உண்மையிலேயே பயந்துபோய் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

தொலைக்காட்சி வண்டிகள் எதிர்ப்பக்கம் வரிசையாக வந்து நின்றன. நிருபர்கள் உதட்டுச்சாயம் கலையாமல் புல்லில் நடந்து வந்து, "உங்க தம்பி துணை அதிபர் வேட்பாளரா?" என்று கேட்டார்கள். ஆர்டிஸ், "புழு வேணுமா, மீன்குஞ்சு வேணுமா?" என்று கேட்டாள். அன்று மாலைச் செய்தியில், 'குடும்பத்தினர் மௌனம். இது உறுதியின் அடையாளம்' என்று ஓடியது. பலகை பிடுங்கிய இடத்தில் இரண்டு குழி இருந்தது. ஒரு படப்பிடிப்பாளர் மண்டியிட்டு அந்தக் குழிகளைப் பக்கத்தில் போய் எடுத்தார். கண்ணாடி போட்ட இரண்டு பேர் தொலைக்காட்சியில் உட்கார்ந்துகொண்டு, பலகை போனதற்கு என்ன பொருள், குழி ஏன் மூடப்படவில்லை, மூடாமல் விட்டதில் செய்தி ஏதும் உண்டா என்று வெகுநேரம் பேசினார்கள். அவர்கள் இருவரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். குழியில் மறுநாள் ஒரு தவளை குடியேறியது. அதைப் பற்றி ஏனோ யாரும் கருத்துச் சொல்லவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், புது மீன்பிடித் தொப்பி போட்ட இளைஞன் ஒருத்தன் கடைக்குள் வந்தான். தொப்பியில் விலைச்சீட்டு தொங்கியது. பளபளக்கிற தோல் ஷூ. "ஒரு டப்பா புழு குடுங்க," என்றான், மருந்துக்கடையில் கேட்கிற மாதிரி.

வக்கீல் வந்தாயிற்று என்று ஆர்டிஸுக்குப் புரிந்தது. டப்பாவைத் திறந்து, ஒரு கொழுத்த புழுவை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"என் பேரு ப்ரெஸ்டன்," என்றான். "சும்மா இந்தப் பக்கம் மீன் புடிக்க வந்தேன். கவர்னர் உங்க தம்பின்னு சொன்னாங்க. எப்படிப்பட்டவரு?"

ஆர்டிஸ் அவனையே பார்த்தாள்.  சொல்லுவதற்கு எவ்வளவோ இருந்தது, எல்லாம் தொண்டைவரை வந்து வரிசை கட்டி நின்றது. 'எனக்கு இது வேணும்' என்ற குரலை நினைத்துக்கொண்டு அத்தனையையும் விழுங்கினாள்.

வாயை மூடினால் எதிராளி தானாகத் திறப்பான் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. தெரிந்துகொள்ள அவள் வாய் சந்தர்ப்பமே கொடுத்ததில்லை. ப்ரெஸ்டன் பல நாள் தூங்காதவன். நாலு மாநிலத்தில் நாலு பேருடைய சித்தப்பா, மச்சான், பழைய மனைவி எல்லாரிடமும் பொய்யாகச் சிரித்துவிட்டு வந்திருந்தான். அந்த அமைதியை அவனால் தாங்க முடியவில்லை.

"சரி மேடம். நான் செனட்டரோட ஆளு. உங்களுக்கும் அது தெரிஞ்சிருக்கும். நீங்க பயப்படவே வேண்டாம். உங்க தம்பியப் பத்தி இவ்ளோ தடிமன்ல ஃபைல் இருக்கு. அதுல எல்லாரும் கடைசி வரி வரைக்கும் படிச்சது உங்க பலகையப் பத்தின பக்கம்தான். செனட்டர் அம்மா ரெண்டு தடவ படிச்சாங்க."

"அப்போ அவனுக்குக் கெடைக்குமா?"

ப்ரெஸ்டன் கையிலிருந்த புழுவைப் பார்த்தான்.

"நல்ல மனுஷர்."

"நாய் செத்தா அப்படித்தான் சொல்வாங்க. கெடைக்குமா?"

"உங்க மாநிலத்து ஓட்டு எங்களுக்கு வேணும், மேடம். பட்டியல்ல உங்காளு பேரும் இருந்தா ஊர்ல ஒரு சந்தோஷம். அதுக்குத்தான்..." அவன் நிறுத்தினான்.

"புழுவ நசுக்காத. லேசாப் புடி. வேற ஆள எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு. மே மாசமே." சொன்னதும் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "நான் சொன்னேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"வெண்டலுக்கு?"

"அறிவிக்கறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணுவாங்க."

ஆர்டிஸ் அவன் கையிலிருந்து புழுவை வாங்கி டப்பாவில் விட்டு மண்ணைப் போட்டு மூடினாள். "போ. முதல்ல தொப்பியில இருக்கற சீட்டப் பிச்சிடு."

அவன் போனபின் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெண்டல் தைக்கக் கொடுத்ததாக ஊரே பேசின புதுக் கோட்டை நினைத்தாள். ரோலியின் கடையை நினைத்தாள். கார்ல் என்ன சொல்வான் என்பது அவளுக்கு இப்போதே கேட்டது: கூப்பிட்டாங்க, மேலயும் கீழயும் பார்த்தாங்க, வேணாம்னுட்டாங்க. உண்மை அதைவிட மோசம், பார்க்கக்கூட இல்லை. வேண்டாம் என்று ஒதுக்கின ஆளாக வெண்டல் ஊருக்குள் நடக்க வேண்டும். அக்காக்காரி வாயால் கெட்டவன் என்றால் அது வேறு கதை. அவனுக்குச் சாகும்வரை எவனாவது பீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பான்.

எழுந்து போய்ப் பலகையைத் திருப்பினாள். வெள்ளையடித்தாள். காய்வதற்குள்ளாகவே எழுதி, தவளையை ஓரமாக விட்டுவிட்டு, அதே குழிகளில் நட்டாள்.

"வக்கீல் வந்தார். வெண்டலைப் பற்றிக் கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படகையும்."

எதிர்ப்பக்கத்து வண்டிகளிலிருந்து ஆட்கள் தட்டுத்தடுமாறி ஓடி வந்தார்கள். ஊரை விட்டுக் கிளம்பிய ப்ரெஸ்டனின் கார் அந்த வழியாக வந்து நின்றது. பலகையை அவன் ஒருமுறை படித்தான், மறுபடி படித்தான். பிறகு கண்ணாடியை இறக்கித் தொப்பியைக் கழற்றினான். சீட்டு இன்னும் தொங்கியது. ஆர்டிஸ், போடா போ என்று கையை வீசினாள்.

அடுத்தது ஃபோன்.

"என்ன சொன்னே அவன்கிட்ட?" எடுத்ததுமே கேட்டான் வெண்டல்.

"எல்லாம்."

"எல்லாம்னா?"

"படகு. அப்புறம் நீ கண்காட்சியில வெண்ணெய்ல செஞ்ச பசுமாட்டு மேல ஏறி உக்காந்தியே, அது."

"அது எனக்கு எட்டு வயசுல."

"வெண்ணெய் உருகிச்சா இல்லியா?"

"நாசமாக்கிட்டே," என்றான் வெண்டல். ஃபோன் அறுந்தது. ஆர்டிஸ் ரொம்ப நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தாள்.

அறிவிப்பு வந்தபோது, துணை அதிபர் வேட்பாளர் தெற்கே ஒரு மாநிலத்து ஆளுநர் என்று தெரிந்தது. எவருடைய கட்டையிலும் அந்தப் பேர் இல்லை, பன்றித்தொடை குளிர்பெட்டியிலேயே கிடந்தது. கண்ணாடிக்காரர்கள் இருவரும், இதைத் தாங்கள் முன்பே சொன்னதாகச் சொன்னார்கள். வெண்டல் ஸ்டெங்கலுக்கு வாய்ப்புக் கைநழுவிப் போனதற்கு அக்காவின் பலகையே காரணம் என்று 'விவரம் அறிந்தவர்கள்' தெரிவித்ததாகவும் சொன்னார்கள். ஊர் ஆர்டிஸைத் திட்டித் தீர்த்தது.

"வாசல் வரைக்கும் போயிட்டான்," என்று ரோலி வெள்ளிக்கிழமை அவள் காதுபடவே சொன்னான். "இவ வாய் மட்டும் இல்லன்னா."

"பாவம் வெண்டல்," என்றான் கார்ல். "தங்கமான ஆளு."

கடையில் இருந்த அத்தனை பேரும் வெண்டலுக்காகக் கண்ணாடிக் குவளையைத் தூக்கினார்கள். ஆர்டிஸ் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவள் கட்டையை மேசைமேல் திருப்பி வைத்துவிட்டு, "முட்டைக்கோசுல உப்பே இல்ல," என்று சொன்னாள். அந்த முறை இரண்டு கையாலும் சாப்பிட்டாள்.

கண்காட்சி நாளன்று காலை, ஒரு வண்டி படகை இழுத்துக்கொண்டு கடைமுன் வந்து நின்றது. ஓட்டி வந்தது வெண்டலேதான். புதுக் கோட் போட்டிருந்தான். மாட்டுக்கு ரிப்பன் கட்டப் போகிற வழி.

"இந்தா ஒன் படகு. இனிமே என்னப் பத்தி எழுத ஒனக்கு ஒண்ணும் கெடையாது."

"கோட்டு நல்லா இருக்கு."

வெண்டல் கொக்கியைக் கழற்றிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் பேசினான். "டன்மோர் அம்மா ஃபோன் பண்ணாங்க."

"ம்."

"குடும்பத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசல. முன்னாடியே முடிவான மாதிரிதான் பேசினாங்க."

"மரியாதை தெரிஞ்சவங்க போல."

வெண்டல் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஆர்டிஸ் குனிந்து படகின் பின்பக்கம் அடியில் விரலை விட்டுத் துழாவத் தொடங்கிவிட்டாள்.

"தக்கை எங்கடா?"

"எது?"

"ஓட்டைய அடைக்கிற தக்கை. அது இல்லாம எறக்கினா நேரா அடிக்குத்தான் போகணும்."

வெண்டல் புதுக் கோட்டின் பைகளை ஒவ்வொன்றாகத் தடவினான். உள்பையைக்கூடத் தடவினான். "வீட்லதான் இருக்கணும். நாளைக்குக் கொண்டாறேன்."

"நாளைக்கு."

"சத்தியமா, ஆர்டிஸ்."

அவன் வண்டி மறைகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பெயின்ட் டப்பாவை எடுத்து வந்தாள்.

"படகு வந்துவிட்டது. தக்கை வரவில்லை. யோசித்து ஓட்டுப் போடுங்கள்."